கஞ்சாவும் கஜானாவும்

1893ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷன் 1,193 சாட்சிகளைக் கேட்டது. அளவான உபயோகத்தில் பெருங்கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் லைசென்ஸும் போதும் என்று 1894ல் முடிவு சொன்னது. அந்த விவேகத்தைப் பலரும் மெச்சுகிறார்கள். நான் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறேன்.

வங்காளத்து நௌகாவ் பகுதியில் லைசென்ஸ் பெற்றவர்களே பயிரிட்டார்கள். சரக்கு கிடங்கில் பூட்டுக்குள் இருந்தது. வரி கட்டாமல் சில்லறைக் கடைக்குப் போகாது. கடை உரிமையோ ஏலத்தில். காவலுக்கான செலவைப் புகைப்பவனே கொடுத்தான், மிச்சம் கஜானாவுக்கு. குறைந்த உபயோகம், நிறைந்த வருமானம் என்பது அக்காலக் கலால் கோட்பாடு. இரண்டும் ஓர் எல்லைவரைதான் சேர்ந்து போகும். அப்பால், கட்டுப்பாடா வருமானமா என்று சர்க்கார் தீர்மானித்தாக வேண்டும்.

இந்தச் சிக்கல் காலனி ஆட்சியோடு போய்விடவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 2012ல் வாக்காளர்கள் ஏற்ற சட்டத் திருத்தம், கஞ்சா கலால் வரியில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலரைப் பள்ளிக் கட்டிடங்களுக்கு ஒதுக்கியது. நல்ல காரியந்தான். ஆனால் பள்ளிக்கூரை புகையை நம்பி நிற்கையில், புகை குறையட்டும் என்று எந்த அதிகாரி மனதார விரும்புவார்? காவலுக்கான செலவைப் பொது வரியிலிருந்து கொடுக்கும் அரசுதான் கட்டுப்பாட்டை உண்மையில் உத்தேசிக்கிறது என்று நம்புவேன்.