பந்தயத் திடலில் ஒரு தராசு

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தை அறிந்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். 2010ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்படும்வரை புகைவண்டியும் மோட்டார் வண்டியும் அந்த ஒரே பாலத்தின் வழியாகவே நீரைக் கடந்தன. ரயில் வரும் வேளையில் ஏனையவை கரையில் காத்து நிற்கும். எடையிலும் விரைவிலும் ஒவ்வாத வண்டிகள் முறை வைத்துச் செல்லுமாயின் வழக்கு எதுவும் இல்லை. அவை ஒருங்கே புறப்பட்டு, முந்துவது யார் என்று போட்டியிடும்போதுதான் வழக்குப் பிறக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சவாரி நடத்துவோர் இதனை நன்கறிவர். மாடுகளைத் தரம் பிரித்த பின்னரே வண்டில்களை ஓடவிடுவர். மோட்டார்ப் பந்தயம் நடத்தியோர் இதே வழக்கைத் தீர்க்க நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வருகின்றனர்.

அவர்கள் முதலில் நாடியது தராசையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் பெரிய பந்தயக் கார் 1000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்றும், இலகு கார் 650 கிலோகிராமுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். எடைக்கு எல்லை வைத்தால் இயந்திரம் பெருக்காது, வேகமும் கட்டுப்படும் என்பது அவர்கள் எண்ணம். நடந்ததோ வேறு. இயந்திரத்தைச் சுருக்க எவரும் விரும்பவில்லை. சட்டகத்தில் துளைகள் இட்டும் பிற உறுப்புகளை மெலிய வைத்தும் எடையைக் குறைத்தனர். 1903ஆம் ஆண்டு மே மாதம் பாரிசிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநரும் பார்வையாளரும் உயிரிழந்தனர். போர்தோ நகரிலேயே பந்தயம் நிறுத்தப்பட்டது. மாண்டவருள் மார்செல் ரெனோவும் ஒருவர். அவருடைய சகோதரர் லூயி ரெனோ, இலகு காரையே ஓட்டி, பெருங் கார்கள் பலவற்றை முந்தி அந்நகரை அடைந்திருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 1934இல் கிராண்ட் பிரீ பந்தயங்களுக்கு மீண்டும் உச்ச எல்லை ஒன்று வகுத்தனர்: எரிபொருள், எண்ணெய், நீர், டயர் ஆகியன நீங்கலாக 750 கிலோகிராம். ஜேர்மனியின் மெர்சிடிஸ் கார் ஒரு கிலோகிராம் கூடுதலாக நின்றதாகவும், இரவோடிரவாக அதன் வெள்ளை வண்ணத்தைச் சுரண்டி எடுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ புனைவோ என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி வேறொன்று. இலேசான உலோகக் கலவைகளைக் கொண்டு உடலை மெலிய வைத்து, மிச்சப்பட்ட எடையை இயந்திரத்துக்கே கொடுத்தனர். 1937இல் அந்நிறுவனத்தின் கார் 5.6 லீற்றருக்கு மேற்பட்ட இயந்திரத்துடன் ஏறத்தாழ 600 குதிரை வலுவைத் தந்தது! வேகத்தை அடக்க வந்த விதியே வேகத்துக்கு உரமாயிற்று. 1938இல் விதியைத் தலைகீழாக்கி, இயந்திரத்தின் கொள்ளளவுக்கு மேல் எல்லையும், காரின் எடைக்குக் கீழ் எல்லையும் வைத்தனர். இன்றளவும் நிலைத்திருப்பது இந்தக் கீழ் எல்லையே. இதற்கு மேல் மெலிய வைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டால், பணம் மிகுந்தவன் விலையுயர்ந்த உலோகத்தைத் தேடி ஓடும் ஓட்டம் ஒருவாறு நிற்கும்.

தம் கைப்பணத்தைச் செலவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டும் ஆர்வலர்க்குத்தான் இவ்வழக்கு மிகவும் கூர்மையானது. நிறுவனம் தோற்றால் அடுத்த ஆண்டு வேறொரு கார் செய்யும். அவனோ காரை விற்றுவிட்டு வீட்டிலிருப்பான். 1944இல் தோன்றிய அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் முதலில் இயந்திரக் கொள்ளளவை வைத்தே வகுப்புப் பிரித்தது. அளவுகோல் தெளிவானது, எவரும் சரிபார்க்கலாம். ஆயின் ஒரே கொள்ளளவுடைய இரு கார்களுள் ஒன்று எடையில் குறைந்ததாகவும், மற்றொன்று பளுவானதாகவும் இருப்பதுண்டே. ஆகவே பின்னர் ஓடும் திறனை மதிப்பிட்டு வகுப்பு அளிக்கலாயினர். நீதி கூடிற்று, முறையீடும் கூடிற்று. தராசு யார் முகத்தையும் பார்ப்பதில்லை. குழுவினர் பார்க்கக்கூடும், அல்லது பார்த்தார்கள் என்று தோற்றவன் சொல்லக்கூடும்.

நம் நாட்டில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கிற்று. அதே ஊரின் குதிரைப் பந்தயத் திடலில், வல்ல குதிரையின் மீது ஈயம் ஏற்றி ஓடவிடும் வழக்கம் உண்டு. கார்ப் பந்தயங்கள் சிலவும் இதனைக் கைக்கொண்டு, வென்ற காருக்கு அடுத்த போட்டியில் பாரம் ஏற்றுகின்றன. காண்போர்க்கு இது சுவையானது. உழைத்து வென்றவனைத் தண்டிக்கும் முறையாகவே எனக்குத் தோன்றுகிறது.

சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. 1953இல் நிறுவப்பெற்ற மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை வளர்த்தது. அந்நாளைய இந்தியாவில் கிடைத்த அம்பாசடர், பியட், ஹெரால்டு ஆகியவற்றை மாற்றியமைத்தே பலர் ஓட்டினர். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அயல்நாட்டு என்சைன் பந்தயக் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார். வீட்டுக் காரைத் தட்டி நிமிர்த்தியவன் அதனோடு எவ்வாறு போட்டியிடுவது?

கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் கண்ட விடை எளியது. 1988இல் அவர் ஒற்றை இருக்கைக் கார்களை ஒரே அமைப்பில் செய்தார். யாவற்றுக்கும் மாருதி 800இன் 796 கன சென்ரிமீற்றர் இயந்திரமே. வகுப்புப் பிரிக்கும் வேலையே இல்லாதொழிந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். அவர் வகுத்த அந்தப் பந்தயத்தில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் களத்தை அடைந்தார். இலங்கையிலும் போர்ட் லேசர், மஸ்தா கார்களுக்கெனத் தனிப் போட்டிகள் நடந்துள்ளன.

காரைச் சமமாக்கிய பின்னும் ஒரு பாரம் எஞ்சுகிறது. அது ஓட்டுநரின் உடல். பார்முலா ஒன்னில் 1995 முதல் ஓட்டுநரையும் சேர்த்தே எடையிட்டனர். இருப்பினும் மெலிந்தவனுக்கு ஆதாயம் இருந்தது. குறைந்த எடைக்கு ஈடான பாரத்தைக் காரின் அடியில், தான் விரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். நெடிய ஓட்டுநர்கள் உணவைச் சுருக்கினர். 2019இல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று விதித்தனர். குறைவதாயின், ஈடு செய்யும் பாரத்தை இருக்கையின் அருகிலேயே பொருத்துதல் வேண்டும்.