மரத்துக்கு மேலால் பார்த்த மகாவலி

உயர்தரத்தில் புவியியல் எடுத்தவர்களுக்கு இடவிளக்கப்படம் எண்டாலே சமவுயரக்கோட்டைப் பார்த்து உயரம் சொன்ன ஞாபகம்தான் வரும். அந்தக் கோடுகளை ஆர், எப்பிடிக் கீறினார்கள் எண்டு எங்களிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. மகாவலிப் பள்ளத்தாக்கை வைத்து நாம் கேட்டுப் பார்ப்போம்.

நில அளவைத் திணைக்களம் 1800 இல் தொடங்கியது. ஆனால் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் முழுத் தீவையும் வரைகிற வேலை 1897 இல் ஆரம்பித்து 1924 இல்தான் முடிந்தது. மலைநாட்டில் உச்சிக்கு உச்சி தெரியும். தியோடலைற்றை வைத்துக் கோணம் அளக்கலாம். மகியங்கனைக்குக் கீழே, ஆறு தட்டையான காட்டுக்குள் இறங்கின பிறகு அது சரிவராது. கொஞ்சத் தூரத்துக்கு அங்கால் மரம்தான். பாதை வெட்டி, சங்கிலி பிடித்து, அடி அடியாகத்தான் நகரவேண்டும்.

1956 இல் கொழும்புத் திட்ட உதவியோடு கனடாவின் ஹண்டிங் நிறுவனம் தீவை விமானத்திலிருந்து 1:40,000 அளவில் படம் பிடித்தது. மகாவலி வடிநில வளங்கள் பற்றிய அதன் அறிக்கை 1962 இல் வந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்த்தால் நிலம் மேடு பள்ளமாக எழும்பி நிற்கும். அடர்காட்டில் மட்டும் எழும்புவது நிலமல்ல, மரத்தின் தலை. நிலத்தின் உயரத்தை மரத்தின் உயரத்தைக் கழித்துத்தான் ஊகிக்கலாம்.

எங்களை உறுத்துவது இதைவிட வேறொன்று. சேனை ஒன்றிரண்டு போகம் விளையும், பிறகு பல வருசம் காடாகக் கிடக்கும். விமானம் பறப்பது ஒரு நாள். அண்டைக்குப் புதராக நின்றது படத்தில் புதர்தான். திரும்பி வரப்போகிற குடும்பம் அதில் விழாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமோ, கண்டி மாகாணங்களில் இடைவெளி விட்டுப் பயிரிடுகிற சேனையெல்லாம், சன்னஸ் போன்ற சான்று காட்டாவிட்டால், முடிக்குரியது எண்டு ஏற்கெனவே எழுதிவிட்டது. படம் வரைந்தவர்கள் சதி செய்தார்கள் எண்டு சொல்ல வரவில்லை. சட்டம் காணாததைப் படமும் காணவில்லை, அவ்வளவுதான்.

1983 இல் மகாவலித் திட்டத்தோடு மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானது. அந்தக் காட்டில் வேட்டையும் தேனும் எடுத்து வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகலைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. திசாஹாமியும் சிலரும் போகமாட்டோம் எண்டு தம்பானைப் பக்கம் இருந்துவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே வீடு, உள்ளே வேட்டைக்காடு.