நவாபின் கண்ணை உறுத்திய கான்சாகிபு

பனவடலிசத்திரத்தைச் சுற்றியுள்ள சங்கரன்கோவில் சீமையில் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்றாலே பாளையக்காரர் பூலித்தேவர்தான் நினைவுக்கு வருவார். அந்த மூன்று கோட்டைகளும் 1761இல் ஒருவர் கையில் விழுந்தன. அவர்தான் கான்சாகிபு என்று மக்கள் அழைத்த மருதநாயகம் யூசுப்கான். அடுத்த மூன்றே ஆண்டுகளில், யாருக்காக அந்தக் கோட்டைகளைப் பிடித்தாரோ அவர்களே அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அதன் வேர் பொறாமை. நெல்லைச் சீமையில் ஞாயிறு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு பைபிளில் வரும் சவுல் ராஜாவின் கதை தெரியும். கோலியாத்தை வீழ்த்திய தாவீதை, ராஜாவைவிடப் பத்து மடங்கு உயர்த்திப் பெண்கள் பாடினார்கள். அன்று முதல் சவுலுக்குத் தூக்கம் போயிற்று. சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருந்த தாவீதின் மேலேயே ஈட்டியை எறிந்தான்.

கான்சாகிபின் புகழும் போர்க்களத்தில் பிறந்ததுதான். சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, திருச்சி முற்றுகையில் பெயரெடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளுக்கே தலைவரானார். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்து பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர் அவர். அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகக் கம்பெனி அவரிடம் விட்டது. முதலில் வாசுதேவநல்லூரில் பூலித்தேவரின் ஆட்கள் அவரை விரட்டியடித்தார்கள். அவரோ திரும்பி வந்து வென்றார்.

ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு உறுத்தியது இதுதான். பெயரளவில் இது அவருடைய நாடு. அவர் அனுப்பிய அண்ணன் மாபூஸ்கானால் திருநெல்வேலியை அடக்க முடியவில்லை. கடைசியில் பாளையக்காரர்களோடே போய்ச் சேர்ந்துகொண்டார். அப்படிப்பட்ட சீமையில் ஒரு சிப்பாய்த் தலைவர் வரி வசூலிக்கிறார், மீனாட்சி கோயில் வருமானத்தை ஒழுங்குபடுத்துகிறார், ஊரார் மரியாதையைச் சம்பாதிக்கிறார். யுத்தச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன்பட்டுக் கிடந்த நவாபுக்கு அந்த வரிப்பணமும் வேண்டும், அதிகாரமும் வேண்டும். யூசுப்கான் தன் ஊழியன், தனக்கே கட்டுப்பட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சென்னைக் கவுன்சில் நவாப் பக்கம் சாய்ந்தது. நவாபின் பொறாமைக்குப் பல் முளைத்தது அங்கேதான். கம்பெனி மறுத்திருந்தால் அது ஆற்காட்டு அரண்மனைக்குள்ளேயே புழுங்கியிருக்கும்.

சவுலிடமிருந்து தப்பிய தாவீது, நேற்றுவரை எதிரியாயிருந்த பெலிஸ்தரிடம் அடைக்கலம் போனான். கான்சாகிபும் 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஒற்றுமை அதோடு முடிந்தது. தாவீதுக்கு ராஜாவின் வீட்டுக்குள்ளேயே யோனத்தான் என்ற உயிர்நண்பன் இருந்தான். கான்சாகிபுக்கோ கூட இருந்தவர்களே பகையானார்கள். கம்பெனி, நவாப் படைகளின் ஒரு பெரிய தாக்குதலை முறியடித்து மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த கோட்டை பட்டினியில் தளர்ந்தது. 1764 அக்டோபர் 13 அன்று, அவருடைய திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். அவர் தொழுகையில் இருந்த நேரம் அது என்று சொல்வதுண்டு. 15ஆம் தேதி, நவாபின் உத்தரவுப்படி, மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். செத்த பிறகும் பயம் விடவில்லை. உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

மதுரை சம்மட்டிபுரத்தில் கான்சாகிபுக்கு ஒரு தர்கா இருக்கிறது. மதுரையின் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. நவாப் முகமது அலி 1795இல் இறந்தார். அவர் காக்கத் துடித்த கர்நாடக ஆட்சியை அவர் வாரிசுகளிடமிருந்து 1801இல் கம்பெனியே எடுத்துக்கொண்டது.