கார்த்திகை வெள்ளமும் தென்னாட்டுத் தண்டவாளமும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை உண்டு. ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்குப் புறப்படுகிறவர்கள் ராஜபாளையம் போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுவார்கள், அல்லது சாத்தூர் போய் மதுரை மார்க்கத்து வண்டியைப் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் ரயிலுக்கு வரும் இடைஞ்சல் ஊருக்கு ஊர் வேறு. டெல்லிப் பக்கம் மார்கழி மூடுபனியில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். குளிர்நாடுகளில் உறைபனி தண்டவாளத்தையே மூடிவிடும். தென்மாவட்டங்களில் பனி ரயிலை மறிப்பதில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே குளிர்காலத்தின் கடுமை.

விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927இல் திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழும் மழைநீர் ஓடைகளாக இறங்கி, கண்மாய்களை நிரப்பி, பெரும்பாலும் வைப்பாற்றை நோக்கிக் கிழக்கே ஓடுகிற நிலம் இது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் போடப்பட்ட ரயில்பாதை அந்த நீர்வழிகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதனால்தான் கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகளுக்கு மேலும் பாலங்கள் நிற்கின்றன.

அப்படியொரு பாலத்தை வெள்ளம் என்ன செய்யும் என்பதை 1956 நவம்பர் 23 காட்டியது. முந்தைய இரவு சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விடிவதற்குள் அரியலூருக்கு அருகே மருதையாற்றை நெருங்கியது. பெருமழையில் ஆறு பொங்கிப் பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. நீராவி இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் வெள்ளத்தில் கவிழ்ந்தன. இறந்தவர்கள் 140க்கும் மேல். மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியே தூத்துக்குடி சேர வேண்டிய வண்டி அது.

அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரிலும் பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். அப்போதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியை நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி விலகியே தீர்ந்தார். துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனின் பெயரோ 1957 தேர்தலில் எதிரணியின் முழக்கமாயிற்று. சாஸ்திரியின் ராஜினாமா இன்றும் பெருமையோடு பேசப்படுகிறது. பேச வேண்டிய இன்னொன்று உண்டு: அரிக்கப்பட்ட கரையைப் பற்றி ஓட்டுநருக்கு எச்சரிக்கை எதுவும் போய்ச் சேரவில்லை.

வெள்ளம் எப்போதும் பாலத்தைத் தூக்கி எறிவதில்லை. பெரும்பாலும் அது அடியில் வேலை செய்கிறது. முதலில் ஜல்லி அரித்துப் போகும், பிறகு மண்கரை சரியும். தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இருட்டில் ஓட்டுநரின் பார்வைக்கு அது முழுப் பாதையாகவே தெரியும். இதற்காகத்தான் மழைக்கால ரோந்து. ஊழியர்கள் இரவெல்லாம் விளக்கோடு பாதையில் நடப்பார்கள். உடைப்பைக் கண்டால் தண்டவாளத்தின் மேல் வெடியைப் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடித்து ஓட்டுநரை உஷார்ப்படுத்தும். பாலத் தூண்களில் அபாய மட்டத்தைக் குறித்து வைப்பதும் இதே நோக்கத்தில்தான். கொட்டும் மழையில் தனியாக நடக்கும் அந்த ஊழியருக்குத் தென்னாட்டு ரயில் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் எந்த ரோந்தும் உதவியிருக்க முடியாது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் வண்டியைப் புயலில் எழுந்த கடல் விழுங்கியது. நூற்றுக்கும் அதிகமான பயணிகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் இரும்புக் கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டது. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பி நின்றது. இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் பாலம் சீராயிற்று. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவேயில்லை.

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையில் ஜல்லியும் மண்ணும் போய்த் தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கினார்கள். மற்றவர்கள் தண்ணீர் சூழ்ந்த நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருந்தபோதே சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்தும் உணவுப் பொட்டலங்கள் இறங்கின. 19ஆம் தேதி மீட்கப்பட்டவர்கள் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டார்கள். வண்டி தாமதமானால் நிலைய அதிகாரியைத் திட்டுவது நமக்குப் பழக்கம். அன்றிரவு நிறுத்தச் சொன்ன முடிவு ஒரு வண்டி நிறைய உயிர்களைக் காத்தது.

இரண்டு நாள் அவதி பயணிகளுக்குக் கொடுமைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குக் காரணமான வெள்ளத்தில் உடைந்த குளங்களின் நீரும் கரைமீறிய தாமிரபரணியின் நீரும் சேர்ந்திருந்தன. ஒரு கண்மாய் உடைந்தால் அதன் நீர் அடுத்த கண்மாயையும் உடைக்கும். கடைசியில் ரயில்கரையில் வந்து மோதும். பாதையைப் பாதிக்கக்கூடிய கண்மாய்களைப் பட்டியலிட்டு, மழைக்கு முன் மாநிலப் பொறியாளர்களோடு சேர்ந்து பார்வையிடும் நடைமுறை ரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. விருதுநகர்–தென்காசிப் பாதைக்கு மேற்கே மலையடிவாரம்வரை கண்மாய்கள்தான். அவற்றின் கரையும் மடையும் கலுங்கும் புரட்டாசிக்குள் பார்த்துச் சரிசெய்யப்பட வேண்டும்.