காவிரிப் படுகைக் கரையில் கலங்கரை விளக்கங்கள்: புகார் முதல் கோடியக்கரை வரை

கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோரத்தில் ஒரு குன்றுகூடக் கிடையாது. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணே கரை. கடலில் சற்று விலகிப் போனால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. பனையும் தென்னையும்தான் முதலில் தெரியும். நாகப்பட்டினம் போன்ற பெரிய துறையிலும் பெரிய கப்பல்கள் கரைக்கு வந்ததில்லை. தொலைவில் நங்கூரம் போட்டு, நெல்லையும் அரிசியையும் படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். கோடியக்கரைக்கு அப்பால் கரை மேற்கே வளைந்து, ஆழம் குறைந்த பாக் நீரிணை தொடங்குகிறது. இப்படிப்பட்ட கடலில் வந்த மாலுமிக்குக் கரையில் உயர்ந்து நின்ற எந்தக் கட்டடமும் வழிகாட்டிதான். விளக்குக்கென்றே கோபுரம் கட்டும் வழக்கம் இங்கே நிலைபெற்றது மிகவும் பிந்தி. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவை வழிபாட்டிடங்களும் அரசர்கள் எழுப்பிய நினைவுக் கட்டடங்களுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சங்க இலக்கியம் தரும் சான்று தெளிவானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் தீ மூட்டிக் கலங்களை அழைத்ததைச் சொல்கிறார். அது தொண்டை நாட்டுத் துறை. சோழர் துறையான காவிரிப்பூம்பட்டினத்தை, அதாவது புகாரை, அவரே பட்டினப்பாலையில் பாடும்போது, கடலில் திமிலோடு இருக்கும் பரதவர், நகரத்து மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணிப் பார்ப்பதாகக் காட்டுகிறார். எனக்கு இந்த இரண்டாவது காட்சியே முக்கியமாகப் படுகிறது. மாடத்து விளக்குகள் கடலுக்காக ஏற்றப்பட்டவை அல்ல. ஆனாலும் கடலில் இருப்பவன் கண் அவற்றின் மேல்தான் இருந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை வரிசைப்படுத்துகிறது. பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், மீன் விற்பவர், வேற்றுமொழி பேசும் வணிகர் ஆகியோரின் விளக்குகளுக்கு நடுவே கலங்கரை விளக்கமும் ஒன்றாக வருகிறது. அந்த வெளிச்சத்தில் மணலில் கிடக்கும் வெண்கடுகுகூடத் தெரியும் என்கிறார் இளங்கோ.

சோழப் பேரரசின் காலத்தில் கடல் வாணிகத்தின் மையம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது. முதலாம் இராசராசன் ஆட்சியில் ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் இங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் கொடையாக வழங்கப்பட்டதை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. ஊருக்கு வடக்கே இருந்த மற்றொரு செங்கல் கோபுரத்தைப் பற்றி, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். 1267ஐக் குறிக்கும் சீனக் கல்வெட்டு அதில் இருந்தது என்பது அவர் குறிப்பு. 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற புதுவெளிக் கோபுரம் இதுவே என்று கருதுவோர் உண்டு. விகாரத்தின் எச்சம் என்று கொள்வோரும் உண்டு.

கம்பெனி அதிகாரி சர் வால்டர் எலியட் 1846இல் அந்தக் கோபுரத்தை நேரில் பார்த்தார். நான்கு பக்கம், மூன்று நிலை; சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல்; ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு; உள்ளே தளம் இருந்த தடம் மட்டும் சுவரில் மிச்சம். அதன் தலைக்குக் கூரை இல்லை. கரையோரம் மேலும் கீழும் போகும் கப்பல்களுக்கு அது பயனுள்ள அடையாளம் என்று எலியட் தெளிவாகவே எழுதினார். சீனக் கோபுரம், கருங்கோபுரம் என்றெல்லாம் அதற்குப் பெயர். மாலுமிகள் கடலிலிருந்து பார்த்து இட்ட பெயர்களும் அவற்றில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்தார்கள்.

மராட்டியர் ஆட்சியிலும் இதே போக்கைக் காண்கிறோம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மன்னர் பிரதாபசிங். கப்பலோட்டிகள் காவலராகப் போற்றும் சாகுல் அமீது ஆண்டகையின் அடக்கத்தலம் அந்தத் தர்கா. கடலில் போகும்போது அவர்கள் கண் தேடியதும் அந்த மினாராவைத்தான். 1814இல் இரண்டாம் சரபோஜி மல்லிப்பட்டினம் அருகே சரபேந்திரராஜன்பட்டினத்தில் அறுகோண வடிவில், எட்டு நிலைகளோடு மனோராவை எழுப்பினார். வாட்டர்லூ வெற்றியின் நினைவு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. வாட்டர்லூப் போர் நடந்தது 1815 ஜூனில். மனோரா கொண்டாடுவது அதற்கு முந்திய ஆண்டில் நெப்போலியன் அடைந்த வீழ்ச்சியை. பின்னர் அதுவே கப்பல்களுக்கு வழிகாட்டும் கோபுரமாகவும் பயன்பட்டது.

சென்னையில் கோட்டைக் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது 1796இல். நாகையில் முறையான கலங்கரை விளக்கம் எழுந்தது 1869இல்தான். இடைப்பட்ட காலத்தில் நிலைமை மாறியிருந்தது. 1861இல் நாகையையும் தஞ்சையையும் இரயில் பாதை இணைத்தது. படுகையின் அரிசி வண்டி வண்டியாகத் துறைமுகம் சேர, இலங்கைக்கும் பினாங்குக்கும் ஆட்களும் சரக்கும் பெருமளவில் போயின. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நேரம் தவறாமல் ஓடவேண்டிய நீராவிக் கப்பலுக்குப் பகலில் தெரியும் கோபுரம் போதாது. இரவிலும் வெளிச்சம் வேண்டும். புதுவெளிக் கோபுரம் இடிந்த இரண்டே ஆண்டில் இந்த விளக்கு எழுந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மாட்டேன். பழைய அடையாளத்தை இழந்த துறைக்குப் புதியது வேண்டியிருந்தது.

கோடியக்கரை தனிக்கதை. சுந்தரர் அங்கே வந்தபோது, கடற்காற்று கடுமையாக வீசும் ஆளில்லாக் கரையில் சிவனாகிய குழகர் தனித்திருப்பது ஏன் என்று கேட்டுப் பாடினார். முதலாம் பராந்தகன் கட்டியதாகச் சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் செங்கல் இடிபாடு அந்தக் கரையில்தான் இருந்தது. கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வன் நாவல், அதில் வரும் பூங்குழலியின் தந்தையை அந்த விளக்கின் காவலராக்கி, அதைத் தமிழர் மனத்தில் பதித்தது. நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளக்கூடாது. ஆனால் இந்த இடிபாட்டைத் தேடி மக்கள் போனதற்கு அதுவே காரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எஞ்சியிருந்ததையும் சிதைத்துவிட்டது. இன்று அங்கே கப்பல்களுக்கு வெளிச்சம் தருவது புதிதாகக் கட்டிய உயர்ந்த கோபுரம்.

புதுவெளிக் கோபுரத்தை நாம் அறிவது எலியட் பார்த்து எழுதிவைத்ததால்தான். கோடியக்கரையில் மிஞ்சியிருக்கும் செங்கற்களை அளந்து, காலம் கணித்து, அடித்தளத்தை வரைபடமாகப் பதிவு செய்யும் பணியைத் தொல்லியல் துறையும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உடனே மேற்கொள்ள வேண்டும்.