அழிந்துபோன தொடர்நாடகங்களும் அவற்றைக் காத்த இரசிகர்களும்

எனது பெரியம்மாவின் மகள் 1986ஆம் ஆண்டு கனடா சென்று ரொறன்ரோவில் குடியேறியவர். இரவில் தொழிற்சாலை வேலை, பகலில் வீடும் பிள்ளைகளும் என்று அவரது வாழ்வு கழிந்தது. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து வரும் அலைவரிசையில் வார நாட்களில் 'கைடிங் லைட்' என்ற தொடர்நாடகம் ஒளிபரப்பாகும். அதனைப் பார்த்தே அக்கா ஆங்கிலப் பேச்சுப் பழகினார். பகலில் உறங்க வேண்டியிருந்தமையால் வீடியோவில் பதிந்து வைத்துப் பின்னர் பார்ப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் அங்கு சென்றிருந்தபோது, அக்காவும் அவரது பழைய வேலைத்தலத் தோழியர் இருவரும் அந்நாடகத்தின் பாத்திரங்களைப் பற்றி ஊர் உறவினரைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தனர். "அந்தக் கசெட்டுகள் எங்கை அக்கா?" என்று கேட்டேன்.

"மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கு வீடியோ எடுக்க வந்த தம்பியிட்டைக் குடுத்திட்டன். புதுக் கசெட் வாங்கிற காசு மிச்சம் எண்டு நினைச்சன்" என்றார். அவரது குரலில் கவலை தெரிந்தது.

அக்கா செய்த அதே காரியத்தை, அதே காரணத்துக்காக, உலகின் மிகப்பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் செய்திருக்கின்றன. அந்த வரலாற்றையே இங்கு எழுத முனைகிறேன்.

தொடர்நாடகங்கள் வானொலியில் பிறந்தவை. 1930களில் அமெரிக்காவில் பகல் வேளையில் வீட்டிலிருந்த பெண்களை இலக்காகக் கொண்டு, சவர்க்காரம் உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் அனுசரணையுடன் இவை ஒலிபரப்பாயின. 'சோப் ஒபேரா' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். 1937 ஜனவரியில் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 2009 செப்டெம்பரில் அது நிறைவுற்றபோது அதன் வயது 72. தொலைக்காட்சியில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாகியிருந்தன. ஆயினும் அதன் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை இன்று எவரும் பார்க்க இயலாது.

தொடக்ககாலத்தில் நாடகங்கள் நேரடியாகவே நடித்து ஒளிபரப்பப்பட்டன. ஒளிபரப்பாகும் திரைக்கு முன்னால் திரைப்படக் கமெராவை வைத்துப் படம் பிடிப்பதே அப்போதிருந்த ஒரே பதிவு முறை. அமெரிக்க வலையமைப்புத் தொலைக்காட்சியின் முதலாவது தொடர்நாடகமாகக் கருதப்படும் 'ஃபாரவே ஹில்' 1946 ஒக்டோபரில் டூமொண்ட் நிறுவனத்தால் ஒளிபரப்பப்பட்டது. அதில் ஒரு பகுதியேனும் எஞ்சவில்லை. டூமொண்ட் நிறுவனம் மூடப்பட்ட பின்னர் அதன் படச்சுருள்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நடிகை ஈடி அடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் கூறினார். 1970களில் அவை பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு, நியூயோர்க் துறைமுகக் கடலில் கொட்டப்பட்டன என்பது அவரது சாட்சியம்.

1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் ஒளிப்பதிவு நாடாவை அறிமுகப்படுத்தியது. இனி எல்லாம் பாதுகாக்கப்படும் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்தது அதற்கு நேர்மாறு. ஒரு மணி நேர நாடாச் சுருளின் விலை அன்று ஏறத்தாழ 300 டொலர். அதேவேளை, அழித்துவிட்டு மீண்டும் மீண்டும் பதிய முடிவதே அந்நாடாவின் சிறப்பாகவும் இருந்தது. தொடர்நாடகமோ வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஆண்டு முழுவதும் ஓடுவது. நேற்றைய பகுதியை மறுபடியும் எவரும் கேட்கப்போவதில்லை என்று நிர்வாகிகள் கருதினர். எனவே நேற்றைய கதையின் மேல் இன்றைய கதை பதியப்பட்டது.

இதில் விலைக் கணக்கு மட்டும் இருக்கவில்லை, மதிப்புக் கணக்கும் இருந்தது. 1951இல் சி.பி.எஸ். வலையமைப்பில் இரண்டு நிகழ்ச்சிகள் தொடங்கின. ஒன்று இரவு நேர நகைச்சுவைத் தொடரான 'ஐ லவ் லூசி'. அது திரைப்படச் சுருளில் எடுக்கப்பட்டமையால் இன்றுவரை மறு ஒளிபரப்பாகிறது. மற்றையது பகல் நேர நாடகமான 'சேர்ச் ஃபோர் டுமோரோ'. 35 ஆண்டுகள் ஓடிய அந்நாடகத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. குடும்பப் பெண்கள் சமையலுக்கும் சலவைக்கும் இடையில் பார்ப்பதைப் பேணிவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

பிரித்தானியாவிலும் இதே கதைதான். 1965 முதல் 1967 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய 'யுனைட்டட்!' என்ற உதைபந்தாட்டக் கழகத் தொடரில் ஒரு பகுதிகூட எஞ்சவில்லை. 1954இல் தொடங்கிய 'த குரோவ் ஃபமிலி' தொடரில் விரல்விட்டு எண்ணக்கூடிய பகுதிகளே மிஞ்சின. மாறாக, கிரனாடா நிறுவனம் 1960இல் தொடங்கிய 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' முழுமையாகக் காக்கப்பட்டிருக்கிறது. மனம் இருந்திருந்தால் அன்றும் வழி இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இழப்பின் அளவை விளக்க ஓர் உதாரணம் சொல்கிறேன். 1962இல் 'கைடிங் லைட்' நாடகத்தில் பேர்ட் பௌவர் என்ற இல்லத்தரசிக்குக் கருப்பையில் புற்றுநோய் ஏற்படுவதாகவும், உரிய பரிசோதனையால் அது முன்கூட்டியே கண்டறியப்படுவதாகவும் அக்னெஸ் நிக்சன் கதை எழுதினார். 'புற்றுநோய்', 'கருப்பை' ஆகிய சொற்களையே உச்சரிக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் அனுமதி கிடைத்தது. அச்சொற்கள் இன்றியே இலட்சக்கணக்கான பெண்களுக்கு அச்செய்தி சென்றது. மருத்துவ வரலாற்றிலும் பெண்கள் வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய நிகழ்வு இது. அக்காலத்துப் பகுதிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை.

எஞ்சியவற்றுள் மிகப் புகழ்பெற்றது, பாதியில் நின்றுபோன ஒரு காட்சி. 1963 நவம்பர் 22ஆம் திகதி சி.பி.எஸ்.ஸில் 'அஸ் த வேர்ல்ட் டேர்ன்ஸ்' நேரடியாக நடந்துகொண்டிருந்தது. ஹெலன் வாக்னரும் சான்டொஸ் ஒர்டேகாவும் நன்றி நவிலல் நாள் விருந்துக்கு யாரை அழைப்பது என்ற குடும்ப விடயத்தைப் பேசிக்கொண்டிருந்தனர். திடீரெனக் காட்சி மறைந்து, டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார் என்று வோல்டர் குரொங்கைட்டின் குரல் ஒலித்தது. நடிகர்களோ அதை அறியாமல் நடித்துக்கொண்டிருந்தனர். அன்று கொலைச் செய்தி இருந்தமையால் அந்த நாடா தப்பியது. முந்திய நாளின் குடும்பப் பேச்சில் செய்தி எதுவும் இல்லை என்று கருதிய உலகம் அது. பத்திரிகைக்காரனாகிய நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கருதினேன்.

அப்படிக் கருதாதவர்களும் இருந்தனர். அவர்கள்தான் இரசிகர்கள்.

1966 முதல் 1971 வரை ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'டார்க் ஷாடோஸ்' ஒரு விசித்திரமான தொடர். ஜொனதன் ஃபிரிட் நடித்த பார்னபஸ் கொலின்ஸ் என்ற இரத்தக்காட்டேரியைப் பார்ப்பதற்காகப் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினர். அதன் 1,225 பகுதிகளில் ஒன்றைத் தவிர அனைத்தும் கிடைத்துள்ளன. நிறப்படத்தில் அழிந்து, கறுப்பு வெள்ளைப் படச்சுருளாக மட்டும் மிஞ்சியவையும் அவற்றுள் உண்டு. காணாமற்போன 1219ஆம் இலக்கப் பகுதியின் ஒலியை இரசிகர் ஒருவர் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அவ்வொலியுடன் நிழற்படங்களை இணைத்தே பின்னர் அப்பகுதி மீளமைக்கப்பட்டது. வீடியோப் பதிவுக் கருவி வீடுகளுக்கு வராத அக்காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிவாங்கியை வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொல்லி எத்தனை பேர் இவ்வாறு பதிந்திருப்பர்!

1970களின் நடுப்பகுதியில் வீட்டுப் பதிவுக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. வீட்டில் பதிவு செய்து பின்னர் பார்ப்பது பதிப்புரிமையை மீறுவதாகாது என்று 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தீர்ப்பளித்தது. 1981 நவம்பரில் 'ஜெனரல் ஹொஸ்பிட்டல்' தொடரில் லூக் - லோரா திருமணத்தைப் பார்த்த ஏறத்தாழ மூன்று கோடி பேரில் பலர் அதனை நாடாவில் பதிந்தும் வைத்தனர். நிறுவனங்களும் 1970களின் இறுதியில்தான் தமது நாடாக்களை முறையாகப் பேணத் தொடங்கின. ஆனாலும் 1983 ஓகஸ்ட் 4ஆம் திகதி 'சேர்ச் ஃபோர் டுமோரோ' நாடாவும் அதன் பிரதியும் ஒருங்கே காணாமற்போய், நடிகர்கள் பழையபடி நேரடியாக நடிக்க வேண்டியதாயிற்று.

பெருஞ்செய்திகளை எவராவது பேணிவிடுவர். அன்றாட வாழ்வில் மக்கள் எதைப் பேசினர், எதைச் சொல்ல அஞ்சினர் என்பதற்கான சாட்சியம்தான் முதலில் குப்பைக்குப் போகிறது. அதனைக் காப்பவர்கள் பெரும்பாலும் நிறுவனங்கள் அல்லர். அதனை நேசித்த சாதாரண மனிதர்களே.

நான் புறப்படுவதற்கு முந்திய நாள், அக்கா மகளின் சடங்கு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஆரத்தி எடுத்து, விருந்தும் முடிந்தது. அவர் நிறுத்தப்போனபோது, கொஞ்சம் ஓடவிடும்படி கேட்டேன். திரை சற்று நேரம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. பின்னர் ஒரு சவர்க்கார விளம்பரம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு வீட்டுக் கூடத்தில் இரு பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர்.

அக்கா கதிரையில் அமர்ந்துவிட்டார். நாடா முடியும்வரை, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள், அவர் என்னுடன் எதுவும் பேசவில்லை. மறுநாட் காலை அந்தக் கசெட்டைப் பிரதி எடுக்கக் கடைக்குக் கொண்டு சென்றோம்.