கூவம்: படகு மறந்த ஆறு

பழம்பெரும் தலைநகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் பிறந்தவையே. உரோமைக்குத் திபேர், இலண்டனுக்குத் தேம்ஸ், பாரிசுக்குச் சேன் என ஒவ்வொரு நகரையும் ஓர் ஆறு தாயாக இருந்து வளர்த்திருக்கிறது. அந்நகரங்களைக் காணச் செல்வோர் இன்றும் சிறு படகு ஒன்றில் ஏறி ஒரு மணி நேரம் மிதந்து சென்றால், பல நூற்றாண்டு வரலாறு இரு கரைகளிலும் வரிசையாக நிற்பதைக் காணலாம். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு நகரம் தன் கடைவீதியைக் காட்டும். ஆற்றிலிருந்து பார்ப்பவருக்குத் தான் பிறந்த கதையைச் சொல்லும்.

சென்னையும் ஒரு தலைநகரமே. அதற்கும் ஆறுகள் உண்டு. ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் பேருந்தில் செல்வோர் நாள்தோறும் அவற்றுள் ஒன்றைக் கடக்கின்றனர். ஆயினும் பாலத்தின்மேல் செல்லும்போது சன்னலை மூடிக்கொள்வதே கூவத்தோடு நமக்குள்ள உறவாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆற்றில் ஒரு படகு மிதந்து சென்றால் பயணிகள் எவற்றையெல்லாம் காண்பர்? வரலாற்றின் துணைகொண்டு அப்பயணத்தை மனத்தளவில் மேற்கொண்டு பார்ப்போம்.

ஊற்றிலிருந்து கோட்டை வரை

கூவம் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் சிவாலயம் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பழம்பதியாகும். கேசவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றின் நீரில் ஒரு பங்கு கூவத்திற்குப் பிரிந்து வருகிறது. வழியிலுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் உபரி நீரையும் பெற்றுக்கொண்டு, பூவிருந்தவல்லிக்கு வடக்கே பருத்திப்பட்டைக் கடந்து, திருவேற்காட்டைத் தழுவி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு வழியாக நகருக்குள் நுழைகிறது. பருத்திப்பட்டு அணைக்கு மேலுள்ள ஆறு வேறு, கீழுள்ள ஆறு வேறு என்று சொல்லத்தக்க அளவுக்கு அதன் முகம் இப்பகுதியில்தான் மாறுகிறது.

சென்னையின் பிறப்பிலும் நம் மேற்குப் பகுதிக்குப் பங்கு உண்டு. 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, கோட்டை கட்டுவதற்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் தேடினார். அதை வழங்கியவர்கள் சந்திரகிரி அரசரின் கீழ் அதிகாரம் செலுத்திய தாமர்ல நாயக்கர் சகோதரர்கள். அவர்களுள் ஒருவரான அய்யப்ப நாயக்கர் இருந்த இடம் பூவிருந்தவல்லி. கம்பெனி பெற்ற அந்நிலத்தின் தெற்கே கடலில் கலந்த ஆறு கூவம். ஆங்கிலேயரின் பழைய பதிவேடுகளில் அதற்குத் திருவல்லிக்கேணி ஆறு என்ற பெயரும் காணப்படுகிறது.

நமது படகு இப்போது கோமளீசுவரன்பேட்டையை அடைகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெருவள்ளல் பச்சையப்ப முதலியார் (1754–1794) இங்குத்தான் வாழ்ந்தார். அவர் நாள்தோறும் கூவத்தில் நீராடிவிட்டுக் கோவிலுக்குச் செல்வது வழக்கம் என்று கூறுவர். அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் பயிலும் மாணவர்களுள் எத்தனை பேர் இதை நம்புவர்?

அடுத்து வருவது சிந்தாதிரிப்பேட்டை. 1734ஆம் ஆண்டளவில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், ஆற்றின் வளைவில் இருந்த தோட்டம் ஒன்றில் நெசவாளர்களுக்கென்று இவ்வூர் அமைக்கப்பட்டது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணமிடுவோர், வெளுப்போர் ஆகியோர் குடியமர்த்தப்பட்டனர். நீரின்றி இத்தொழில்கள் இல்லை. ஐரோப்பியச் சந்தைகளுக்குக் கப்பலேறிய துணியின் வெண்மையில் கூவத்து நீருக்கும் பங்கிருந்தது. தீவுத்திடலைச் சுற்றிக்கொண்டு, 1869இல் கட்டப்பட்டு ஆளுநர் நேப்பியரின் பெயர் பெற்ற பாலத்தின்கீழ் நுழைந்தால், முன்னே கடல் விரிகிறது.

பசியால் வெட்டிய வாய்க்கால்

கடலை அடையுமுன் நம் படகு தெற்கே திரும்பவும் ஒரு வழி உண்டு. அதுவே பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாயை, 1837இல் அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் அது வடக்கே ஆந்திரக் கடலோரம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் அதன்வழியே சென்னைக்கு வந்தன.

ஆயினும் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதிக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிழைக்க வழிதேடி நகருக்கு வந்த ஏழைகளைக்கொண்டு, பஞ்ச நிவாரணப் பணியாக அப்பகுதி வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக நின்றவர்கள் ஒருவேளை உணவுக்காக மண் சுமந்தனர். கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

பிற்காலத்தில் இக்கால்வாய் உல்லாசப் பயணத்துக்கும் வழியாயிற்று. 1930களில் பாரதிதாசனும் நண்பர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகிலேயே சென்றனர். அப்பயணத்தைப் பாடிய கவிஞரின் கண், கரையோர அழகில் மட்டும் நில்லாமல், கயிறு கட்டிப் படகை இழுத்துச் சென்ற தொழிலாளரின் துயரத்திலும் பதிந்தது. படகில் அமர்ந்து அழகு காண்பவர் எவராயினும், அப்படகை இழுப்பவர் யார் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கால்வாய் மயிலாப்பூர் வழியாக அடையாற்றைச் சேரும்போது நம் திருச்சபையின் தொன்மையான இடங்களும் எட்டும் தொலைவில் வந்துவிடுகின்றன. போர்த்துக்கீசியர் எழுப்பிய லஸ் ஆலயமும், புனித தோமாவின் கல்லறை அமைந்த சாந்தோம் பேராலயமும் அங்கே உள்ளன. அடையாற்றில் மேற்கு நோக்கிச் சென்றால் ஆற்றங்கரைப் பாறையின்மேல் சின்னமலை நிற்கிறது. பரங்கிமலைக்குச் செல்லும் திருப்பயணிகள் வெள்ளத்தில் தவிக்கக்கூடாது என்று, கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பழைய பாலம் மறைந்து, இன்று மறைமலை அடிகள் பாலம் அங்கே உள்ளது. நம் முன்னோரின் நம்பிக்கைப் பயணமும் ஆறுகளைக் கடந்தே நடந்திருக்கிறது.

படகு ஏன் நின்றது?

இத்தகைய ஆறு எவ்வாறு சாக்கடையாயிற்று? காரணங்கள் பல. நகருக்குக் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டப்பட்டது. ஏரிகள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாயின; வர வேண்டிய உபரி நீர் வராமற்போயிற்று. சென்னைத் துறைமுகத்தின் கல் அணைகள் கடலோர மணலின் போக்கைத் தடுத்தமையால், மெரினாக் கடற்கரை அகன்றது. அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைத்தது. மேலிருந்து நீரில்லை, கீழே கடலுக்கு வாசலில்லை. நடுவில் எஞ்சிய பள்ளத்தில் நகரம் தன் கழிவுகளைக் கொட்டியது.

இதைச் சீர்செய்யும் முயற்சிகளும் நடந்தன. 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பயனாக 1970களின் தொடக்கத்தில் கரைகள் அழகுபடுத்தப்பட்டு, படகுத்துறைகள் கட்டப்பட்டன. அவற்றுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தமிழ் மரபில் தோய்ந்த அழகிய கனவு அது. படகுகளும் சில காலம் ஓடின. ஆனால், கழிவுநீர் வருவது நிற்கவில்லை. பாரியும் பேகனும் பெயரளவில் கரையில் நிற்க, படகுகள் மறைந்தன.

இவ்விடத்தில் இலண்டனின் அனுபவத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவது நலம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு வீசிய நாற்றத்தால் நாடாளுமன்றமே நடத்த முடியாத நிலை ஏற்பட்டது. பின்னர் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நிலத்தடியில் பெரும் கழிவுநீர்க் குழாய்களை அமைத்தார். நகரின் நடுவில் ஆறு தெளிந்தது. ஆனால் கழிவு சுத்திகரிக்கப்படவில்லை. நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் விடப்பட்டது. 1878 செப்டம்பர் 3ஆம் நாள், உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் படகு அவ்விடத்துக்கு அருகில் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் விழுந்தது கழிவுநீர் கலந்த ஆற்றில். கண்ணுக்கு மறைவாகத் தள்ளிய அழுக்கு, பயணம் சென்ற குடும்பங்களைச் சந்தித்த நாள் அது. 1957இலும் தேம்ஸ் உயிரற்ற ஆறு என்றே அறிஞர்கள் உரைத்தனர். சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்ட பின்னரே, 1974இல் சால்மன் மீன் அங்கு மீண்டும் காணப்பட்டது. பாரிசிலும் 1923இல் தடைசெய்யப்பட்ட நீராடல், 2025ஆம் ஆண்டுக் கோடையில்தான் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

அழுக்கை அகற்றுவது வேறு; மறைப்பது வேறு. இதுவே அவ்வரலாறு தரும் பாடம்.

கரையில் இருந்தவர்கள்

அண்மைக் காலத்தில் நம் அரசும் பெரும் முயற்சி எடுத்துள்ளது. பருத்திப்பட்டு அணையிலிருந்து முகத்துவாரம் வரையிலான கூவத்தை மீட்கும் ஒருங்கிணைந்த திட்டத்தைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மேற்கொண்டது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாலை வேளைகளில் அங்குக் குடும்பங்கள் கூடி மகிழ்வதைக் காணும்போது, நீர்நிலைகள் உயிர்பெறக்கூடியவை என்ற நம்பிக்கை பிறக்கிறது.

அதே வேளையில், ஆற்றின் பெயராலும், துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு ஆற்றோரமாகத் திட்டமிடப்பட்ட பறக்கும் சாலையின் பெயராலும், கரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. அச்சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012இல் பணி நின்றது. 2022இல் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. தூண்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் காத்து நின்றன. வீட்டு வேலை செய்த பெண்களுக்கும், கூலிக்குச் சென்ற ஆண்களுக்கும், பள்ளி சென்ற பிள்ளைகளுக்கும் அவ்வாறு காத்திருக்க வசதியில்லை. பிழைப்பு ஓரிடம், இருப்பிடம் வேறிடம் என்று அவர்கள் வாழ்வு பிளவுண்டது.

ஆற்றங்கரையில் வெள்ள அபாயத்தில் எவரும் வாழக்கூடாது என்பது உண்மையே. 2015 திசம்பர் வெள்ளம் அதைக் கொடுமையாக உணர்த்தியது. ஆனால் ஆற்றைக் கெடுத்தவர்கள் குடிசைவாசிகள் மட்டும்தானா? மாடி வீடுகளின் கழிவும், ஆலைகளின் கழிவும், முறையாக இணைக்கப்படாத குழாய்களின் கழிவும் அதில்தான் கலந்தன. மதில் கட்டி வாழ்பவரின் சாக்கடை கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றை அடைகிறது. ஏழையின் குடிசை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே முதலில் அகற்றப்படுவது குடிசையாகிறது. 1878இல் மண் சுமந்தவர்களை மறந்தோம். இன்று கரையில் வாழ்ந்தவர்களையும் மறக்கப் போகிறோமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல், பூமியின் துயரக் குரலையும் ஏழைகளின் துயரக் குரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்று நமக்குக் கற்பிக்கிறது. இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட காட்சியில் கோவிலிலிருந்து புறப்பட்ட ஆறு, தான் சென்ற இடமெல்லாம் உயிர் அளித்தது. அதன் கரைகளில் மீனவர் வலை உலர்த்தினர். மரங்கள் உணவும் மருந்தும் தந்தன. மனிதரை வெளியேற்றிவிட்டு அழகு பார்க்கும் ஆறு அன்று அது.

நம் இல்லத்தின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் பங்குகளின் அன்பியக் கூட்டங்களில் இக்கேள்வியை எழுப்பலாம். நம் பள்ளிகளின், நிறுவனங்களின் குழாய்களை நாமே முதலில் ஆய்வு செய்யலாம். தொலைவுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சென்று, அவர்கள் பிள்ளைகளின் படிப்பு தொடர்கிறதா என்று விசாரிக்கலாம். கூவத்தில் ஒருநாள் மீண்டும் படகு ஓடக்கூடும். அப்போது அதைச் செலுத்துபவராகவும், அதில் அமர்ந்து தம் ஊரின் வரலாற்றைக் காண்பவராகவும் இக்கரையிலிருந்து அகற்றப்பட்டவரின் பிள்ளைகள் இருப்பார்களாயின், அன்றே அந்த ஆறு உண்மையில் தூய்மை அடைந்தது எனலாம்.